ஹம்ப்டா கணவாய்க்கு 22 கிலோ பையா? முதலில் அந்தக் குக்கரை வெளியே எடுங்கள்

"செப்டம்பர் முதல் வாரம் நண்பர் ஒருவரோடு மணாலி பக்கம் இமயமலையில் இருக்கும் ஹம்ப்டா கணவாய் போகிறேன். ஐந்து நாள். டென்ட், சாப்பாடு எல்லாம் நாங்களே சுமக்கிறோம், குதிரை கிடையாது. கட்டிப் பார்த்தால் என் பை மட்டும் 22.5 கிலோ. என் எடையே 66தான். எதைக் குறைப்பது, எதைப் புதிதாக வாங்குவது?" இதுதான் கேள்வி. சாமான் பட்டியலையும் முழுசாகக் கொடுத்திருந்தீர்கள், அதற்கே தனி நன்றி. பாதிப் பேர் "வெயிட் குறைக்க டிப்ஸ் சொல்லுங்க" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கு என்னவென்று பதில் சொல்வது.

புதிதாக வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இப்போதைக்கு வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, சமையலறையில் மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசு. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் எடை மெஷினில் ஏறி நின்று மொத்தமாகப் பார்த்திருக்கிறீர்கள், அதில் எது எவ்வளவு என்று தெரியாது. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். சாக்ஸ், சார்ஜர் ஒயர், டூத்பேஸ்ட் வரைக்கும். நான் முதன்முறை இதைச் செய்தபோது டார்ச்சை விட அதன் உறை கனமாக இருந்தது. என் துண்டு 410 கிராம். நனைந்தால் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அதையும் நான் மூன்று ட்ரெக்குக்குச் சுமந்திருக்கிறேன்.

எழுதும்போது இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். தீர்ந்துபோகிறவை ஒரு பக்கம்: சாப்பாடு, தண்ணீர், கேஸ். மீதி எல்லாம் இன்னொரு பக்கம், உடம்பில் போட்டிருக்கும் துணியையும் காலில் இருப்பதையும் விட்டுவிட்டு. இந்த மீதிக்குத்தான் பேஸ் வெயிட் என்று பெயர். அது 4.5 கிலோவுக்குள், அதாவது 10 பவுண்டுக்குள் இருந்தால் அல்ட்ராலைட் என்பது வழக்கமான கணக்கு. 9 கிலோவுக்குள் என்றால் லைட்வெயிட். உங்கள் பட்டியலைக் கூட்டினால் பேஸ் வெயிட் மட்டும் 15.6 வருகிறது. சாப்பாடு 4.5, தண்ணீர் 2, கேஸ் 0.4. ஆக, சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடப்பதால் உங்களுக்குப் பெரிதாக லாபம் இல்லை.

இந்த 4.5 கிலோ எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோ பார்த்துவிட்டு நிறையப் பேர் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது அமெரிக்காவின் நீண்ட நடைபாதைகளில் பிறந்த எண். அவற்றில் ஒன்றான அப்பலாச்சியன் ட்ரெயில் 3,500 கிலோமீட்டர். எம்மா கேட்வுட் என்ற அம்மா 1955இல், 67 வயதில், பதினொரு பிள்ளை பெற்றவர், தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு, மழைக்கு ஒரு குளியலறைத் திரையை எடுத்துக்கொண்டு அதைத் தனியாக நடந்து முடித்தார். நம் ஊரில் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஒரு மூங்கில் தடி, ஒரு மஞ்சப்பையோடு ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது. ஆனால் அந்த அப்பலாச்சியன் பாதை சில நாளைக்கு ஒரு முறை ஏதாவது ஊர்ப்பக்கம் வரும், உயரமும் 2,000 மீட்டரைத் தொட்டால் அதிகம். ஹம்ப்டா கணவாய் 4,270 மீட்டர். கணவாயைத் தாண்டி ஷியா கோருவில் தங்குகிற இரவில் குளிர் உறைநிலையைத் தொடும், கீழே போகும். அதனால் உங்களுக்கு நான் வைக்கும் இலக்கு 7 கிலோ. அதற்கும் கீழே போகலாம், ஆனால் அங்கிருந்து ஒவ்வொரு நூறு கிராமுக்கும் ஆயிரக்கணக்கில் செலவாகும், இல்லாவிட்டால் குளிரில் நடுங்க வேண்டியிருக்கும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக், மேட் இந்த நாலுமே உங்களுக்கு 7.8 கிலோ. பாதி எடை இங்கேதான் இருக்கிறது, டூத் பிரஷ் காம்பை அறுக்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

டென்ட் 3.2 கிலோ, அது முழுக்க உங்கள் பையில். ஏன்? இரண்டு பேர் தூங்கப் போகிற டென்ட். துணியை ஒருவர், கம்பியும் ஆணியும் இன்னொருவர் என்று பிரித்தாலே செலவில்லாமல் 1.6 கிலோ போய்விட்டது. வாடகைக்கு எடுக்க முடிந்தால் 2.2 கிலோ அளவில் இரட்டைச் சுவர் டென்ட் (உள்ளே ஒரு துணி, மழைக்கு வெளியே ஒரு துணி) ஒன்று பாருங்கள், ஆளுக்கு 1.1 வரும். ட்ரெக்கிங் கோலையே தூணாக நிறுத்தும் ஒற்றைச் சுவர் டென்ட்கள் இன்னும் எடை குறைவு, ஆனால் உள்பக்கம் மூச்சுக்காற்று குளிர்ந்து சொட்டும், அதைச் சமாளிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். முதல் முறைக்கு வேண்டாம்.

ஸ்லீப்பிங் பேக்கில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். உங்களுடையது பாலியெஸ்டர் பஞ்சு, 1.9 கிலோ, "மைனஸ் 10" என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், மூன்று எண் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம் எக்ஸ்ட்ரீமாக இருக்கும், அந்தக் குளிரில் தூக்கம் எல்லாம் வராது, உயிரோடு விடிந்தால் போதும் என்கிற அளவு அது. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண், அது பூஜ்யமோ அதற்குக் கீழோ இருக்கட்டும். வாத்துத் தூவி அடைத்த டௌன் பேக் அந்த அளவுக்கு 1.1 கிலோவில் கிடைக்கும், விலை வலிக்கும். மணாலியில் வாடகைக்குக் கிடைத்தால் கையில் வாங்கி உதறி, தூவி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறதா என்று பார்த்து, உள்பக்கம் மோந்தும் பார்த்து எடுங்கள்.

டௌனுக்கு ஒரே எதிரி தண்ணீர். என் முதல் இமாலயப் பயணத்தில் பைக்கு மேலே ரெயின் கவர் மாட்டியிருக்கிறோமே என்று தைரியமாக இருந்தேன். மூன்று மணிநேர மழை. கவர் தன் வேலையைச் செய்தது, ஆனால் தண்ணீர் என் கழுத்து வழியாக இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடி, பின்பக்கத்திலிருந்து உள்ளே போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி என் ஸ்லீப்பிங் பேக் நனைந்த கோழி மாதிரி இருந்தது. அதிலிருந்து ரெயின் கவரே கிடையாது, பைக்குள்ளே ஒரு பெரிய தடித்த பாலிதீன் கவர், குப்பைக்குப் போடுகிற பெரிய சைஸ், அதற்குள் எல்லாவற்றையும் அடைத்து வாயை முறுக்கிச் செருகிவிடுவேன். 60 கிராம், விலை சில ரூபாய்.

மேட் என்பது மெத்தென்று படுப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் உடம்பு எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பாகம் நசுங்கிவிடும், நசுங்கிய தூவிக்குச் சூட்டைப் பிடிக்கத் தெரியாது, தரையின் குளிரைத் தடுப்பது மேட்தான். இதற்கு ஆர்-வேல்யூ என்று ஒரு எண் உண்டு, அது கூடக் கூடக் குளிரை நன்றாகத் தடுக்கும். சாதா ஃபோம் மேட் 2 பக்கத்தில் வரும், 400 கிராம். காற்றடிக்கிற நல்ல மேட் அதே எடையில் 4க்கு மேல் தரும், ஆனால் விலை கூட, முள் குத்தினால் போச்சு. உங்கள் ஃபோம் மேட்டையே வைத்துக்கொள்ளுங்கள், கீழே காலிப் பையையும் மழை ஜாக்கெட்டையும் விரித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் எடை பைத்தியம் தலைக்கேறி என் ஃபோம் மேட்டை இடுப்பு வரைக்கும் வெட்டிவிட்டேன். 170 கிராம் மிச்சம். ஷியா கோருவில் அந்த 170 கிராமை நினைத்துக்கொண்டு விடிய விடியக் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டிய துண்டு வீட்டில் ஸ்கூட்டர் துடைக்கப் பயன்படுகிறது.

பையைக் கடைசியில் மாற்றுங்கள். 65 லிட்டர், 2.3 கிலோ பை உங்களிடம் இருப்பதால்தான் 65 லிட்டருக்கும் சாமான் சேர்ந்திருக்கிறது. மீதியெல்லாம் சுருங்கிய பிறகு எடுத்து அடுக்கிப் பார்த்தால் 45–50 லிட்டர் போதும் என்று தெரியும், அப்போது 1.1 கிலோ பக்கத்தில் ஒன்று வாங்கலாம். முதலிலேயே சின்னப் பை வாங்கிவிட்டு வெளியே டம்ளர், செருப்பு, மேட் எல்லாவற்றையும் தொங்கவிட்டு மாட்டுச்சந்தை மாதிரி நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆக இந்த நாலும் 1.1, 1.1, 1.1, 0.4. மொத்தம் 3.7 கிலோ.

துணியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி டி-ஷர்ட் வேண்டாம், நனைந்தால் காயாது, காயாதது குளிரும். நடக்க ஒரு செட் உடம்பில், தூங்க ஒரு காய்ந்த தெர்மல் செட் பையில், அந்தத் தூக்க செட்டை என்ன ஆனாலும் பகலில் போடக் கூடாது. மேலே ஒரு ஃப்ளீஸ் (கம்பளி மாதிரி இலேசான மேல்சட்டை), ஒரு டௌன் ஜாக்கெட், மழைக்கு மேலும் கீழும். சாக்ஸ் மொத்தம் மூன்று ஜோடி, குல்லா, கையுறை. பையில் இருப்பது 1.8 கிலோவுக்குள் வந்துவிடும். நாளுக்கு ஒரு டி-ஷர்ட் என்று ஐந்து வைத்திருக்கிறீர்கள், யாருக்காக? நீங்களும் நண்பரும் ஒரே மாதிரிதான் நாறப்போகிறீர்கள்.

காலில் போடுவது கனமான பூட்ஸா, இலேசான ட்ரெயில் ஷூவா என்று கேட்டிருந்தீர்கள். காலில் ஒரு கிலோ என்பது முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று நடப்பவர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு, அது முழுக்கத் துல்லியமோ இல்லையோ, மாலையில் தொடை சொல்லும். செப்டம்பரில் பனி குறைவு, பை 12 கிலோவுக்குள் என்றால் நல்ல பிடிப்புள்ள ட்ரெயில் ஷூ போதும். ஷியா கோருவில் ஓடையை இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும், தண்ணீர் ஐஸ்தான். சாக்ஸையும் ஷூவுக்குள் இருக்கும் இன்சோல் அட்டையையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வெறும் ஷூவோடு கடந்து, அக்கரையில் உதறி, அட்டையைத் திரும்பப் போட்டுக் காய்ந்த சாக்ஸை மாட்டினால் பத்து நிமிடத்தில் கால் சூடாகிவிடும். ரப்பர் செருப்போடு மட்டும் இறங்காதீர்கள், ஓட்டம் பிடுங்கிக்கொண்டு போய்விடும். காலையில் கடந்தால் தண்ணீர் குறைவு, வெயில் ஏற ஏறப் பனி உருகி மட்டம் ஏறும்.

சில்லறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 20,000 பவர் பேங்க் இரண்டுக்குப் பதில் 10,000 ஒன்று, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள், குளிரில் பேட்டரி தானாக இறங்கும். எவர்சில்வர் பாட்டில் இரண்டும் வீட்டில். தண்ணீர் வாங்கிக் குடித்த சாதா ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 60 கிராம்கூட வராது. பாதை முழுக்க ஓடையும் ஊற்றும் வந்துகொண்டே இருக்கும், எப்போதும் 2 லிட்டர் சுமக்கத் தேவையில்லை, ஒரு லிட்டர் போதும். ஆனால் ஆடு மேய்க்கிற இடம், அப்படியே குடிக்காதீர்கள். ஃபில்டர் என்றால் 100 கிராமுக்குள், ஒரு தடவை உள்ளே தண்ணீர் உறைந்துவிட்டால் அதன் இழைகள் விரிசல் விட்டுவிடும், வெளியில் பார்த்தால் தெரியாது. அதனால் அதுவும் ராத்திரி உங்களோடு படுக்கட்டும். குளோரின் மாத்திரை ஒரு அட்டை கூடவே இருக்கட்டும். மருந்துப் பையை மட்டும் இளைக்க வைக்காதீர்கள். உயர நோய்க்கான மாத்திரை பற்றி இங்கே யாரிடமும் கேட்க வேண்டாம், கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். பை இலேசாகிவிட்டது என்பதற்காக ஐந்து நாளை மூன்று நாளாக்கவும் வேண்டாம். முதுகுக்குத்தான் எடை குறைந்திருக்கிறது, நுரையீரலுக்கு அந்த உயரம் அதே உயரம்.

இப்போது குக்கர். ஒன்றரை லிட்டர் குக்கரை எடுத்துப் போகச் சொன்ன நண்பர் விஞ்ஞானப்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சுமாராக 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி இறங்கும், 4,000 மீட்டரில் 86, 87 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அந்தச் சூட்டில் துவரம்பருப்பு ஜென்மத்துக்கும் வேகாது, அரிசி நடுவில் கல்லாக இருக்கும். குக்கர் இதைச் சரி செய்யும். ஆனால் அதற்கு 1.2 கிலோவை இரும்பைப் போலச் சுமந்து, கேஸையும் எரித்துத் தள்ள வேண்டும். குக்கரை வீட்டில் வைத்துவிட்டு, அது செய்கிற வேலையையும் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவதுதான் வழி. மலையில் சமையல் என்று எதுவுமே கிடையாது, வெந்நீர் வைப்பது மட்டும்தான் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு கேஸ் குப்பியின் மேல் திருகுகிற உள்ளங்கை அளவு ஸ்க்ரூ அடுப்பு, மூடியோடு ஒரு லிட்டர் அலுமினியப் பாத்திரம், ஒரு ஸ்பூன், லைட்டர் போதும். டைட்டானியம் பாத்திரம் எல்லாம் பெருமைக்கு. பாத்திரக்கடையில் கைப்பிடி இல்லாத மெல்லிய பாத்திரமாகப் பார்த்து வாங்கி, பிடிதுணிக்குப் பதில் ஒரு பழைய சாக்ஸ் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேஸ் விமானத்திலும் ஏறாது, ரயிலிலும் ஏறக் கூடாது. மணாலியில் வாங்குங்கள், லைட்டரும் அங்கேயே. வாங்கும்போது கலவையைப் பாருங்கள்: வெறும் பியூட்டேன் என்றால் உறைநிலைக்குப் பக்கத்தில் ஆவியாகாது, அடுப்பு முனகும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது மைனஸிலும் எரியும். வெந்நீர் மட்டும் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து 230 கிராம் கேனிஸ்டர் (கேஸ் குப்பி) ஒன்று போதும், காற்றை மறைக்கக் கல் அடுக்கி உட்கார்ந்தால். டென்டுக்குள் பற்ற வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குத்தான் நம்மவர்களுக்கு வெளிநாட்டு டப்பா தேவையே இல்லை. கணக்கு எளிது: கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவும் புரதமும் 4, தண்ணீர் பூஜ்யம். ஆப்பிள் சுமப்பது தண்ணீர் சுமப்பது. நெய் 9, கொப்பரை 6.6, வேர்க்கடலையும் எள்ளும் 5.7, முந்திரி 5.5, வெல்லம் 3.8, அவலும் அரிசியும் 3.5. இவற்றைக் கலந்து சராசரி 4.3 வருகிற மாதிரி ஒரு நாளைக்கு 650 கிராம் கட்டினால் 2,800 கலோரி. நடக்கிற நடைக்கு இது கொஞ்சம் குறைவுதான், ஐந்து நாளைக்குத் தொப்பை ஈடுகட்டும். ஐந்து நாளுக்கு 3.2 கிலோ, உங்களுடைய 4.5 எங்கே.

காலையில் அவல். மெல்லிய அவல் பச்சைத் தண்ணீரிலேயே ஊறிவிடும், அதில் பால் பவுடர், பொடித்த வெல்லம், துருவிய கொப்பரை, ஒரு கரண்டி நெய். காரம் வேண்டுமானால் கெட்டியாகச் சுண்ட வைத்த புளிக்காய்ச்சலும் வறுத்த வேர்க்கடலையும் போட்டுப் பிசைந்தால் புளி அவல், வெந்நீர் தெளித்தால் இன்னும் நல்லது. நெய்யைக் குறுகிய வாய் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போகாதீர்கள், அங்கே மெழுகாக உறைந்து ஒரு சொட்டும் வராது. அகன்ற வாய் டப்பா. பகலில் உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை, எள்ளுருண்டை, பேரீச்சை, முந்திரி, கடலை மிட்டாய் என்று சட்டைப் பையில் போட்டு மெல்ல வேண்டியதுதான். பொரிவிளங்காய் உருண்டை சத்தில் முதல் தரம், ஆனால் குளிரில் அது கிரானைட். பாட்டி செய்து கொடுத்ததை மரியாதைக்கு எடுத்துப் போய்க் கல்லில் வைத்து உடைத்துத் தின்றோம். உதிர்த்துப் பொடியாகவே கொண்டு போனால் வேலை முடிந்தது. பொரியும் வேண்டாம். எடை இல்லைதான், பையை அடைத்துக்கொள்ளும்.

ராத்திரிக்குச் சூடாக, உப்பாக ஏதாவது வேண்டும். கடையில் விற்கிற காய்ந்த சேவை வெந்நீரில் சில நிமிடத்தில் வெந்துவிடும். நூடுல்ஸ் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது காய வைத்த சோறு. கொஞ்சம் குழைய வடித்து, வெள்ளைத் துணியில் பருக்கை பருக்கையாக உதிர்த்து, வற்றல் போடுகிற மாதிரி மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில். கையில் எடுத்தால் கலகலவென்று அரிசி மாதிரியே சத்தம் கேட்க வேண்டும். பருப்பை மஞ்சள்தூள் போட்டுக் குக்கரில் குழைய வேகவைத்து மசித்து, தட்டில் அப்பளம் கனத்துக்குத் தடவிக் காய வையுங்கள். தடிமனாகப் போட்டால் உள்ளே புளித்துவிடும், அப்படி வாசனை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காய்ந்ததை மிக்ஸியில் ஒரு சுற்று. மலையில் இரண்டையும் சாம்பார்பொடி, உப்போடு பாத்திரத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, மூடி, ஃப்ளீஸ் குல்லாவுக்குள் பாத்திரத்தை வைத்து இருபது நிமிடம் மறந்துவிட்டால் சாம்பார் சாதம். மேலே நெய், ஒரு மோர் மிளகாய். எல்லாவற்றையும் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிக் கவரில் போட்டுக் கொண்டுபோய், காலிக் கவரைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன்: உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காய், ஒரு ஐம்பது கிராம். உயரம் ஏறினால் பசியே செத்துவிடும், என்ன கலோரிக் கணக்குப் போட்டாலும் தொண்டையில் இறங்காது. கணவாய்க்கு முன்னால் தங்குகிற பாலூ கா கேராவில் ஒரு தடவை என்னோடு வந்தவர் இரண்டு வேளை எதுவும் வேண்டாம் என்று படுத்திருந்தார், ஒரு துண்டு நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொண்ட பிறகுதான் அரைப் பாத்திரம் சாதம் இறங்கியது. தலைவலி, வாந்தி என்று கூடினால் அது நார்த்தங்காய் சமாச்சாரம் இல்லை, உடனே கீழே இறங்குகிற சமாச்சாரம், அதையும் மனதில் வையுங்கள்.

இப்படிக் கூட்டினால் பேஸ் வெயிட் 7, சாப்பாடு 3.2, தண்ணீர் 1, கேஸ் 0.4. நடை முடிகிற சத்ருவில் இறங்கி அடல் சுரங்கம் வழியாக மணாலிக்கு ஜீப் ஏறும்போது பையில் 8 கிலோகூட இருக்காது.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. அடுத்த சனிக்கிழமை மொட்டை மாடியில் டென்டைப் போட்டு, நண்பரையும் கூப்பிட்டு, ஒரு ராத்திரி அங்கேயே இந்தச் சாப்பாட்டையே செய்து சாப்பிட்டுப் பாருங்கள். டென்ட் கம்பி ஒன்று குறைகிறது, அடுப்பு திருகு கேனிஸ்டரில் பொருந்தவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரிய வேண்டும். சோறும் பருப்பும் காயப் போடுவதை ஜூலைக்குத் தள்ளாதீர்கள், வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். காக்கா விரட்ட ஒரு ஆள் வேண்டும்.